சிக்காத பொறி செய்த ஜான் பிரௌனிங்

1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனைத் தமிழர் யாவரும் அறிவர். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் பிரௌனிங் என்பது ஒரு மனிதரின் பெயர் என்றும், அவர் அமெரிக்காவின் உப்பேரி நாட்டில் கொல்லுப்பட்டறையில் வளர்ந்தவர் என்றும் எத்தனை பேர் அறிவோம்? பௌதிகம் படிக்கும் எனக்கே சென்ற ஆண்டுதான் தெரியவந்தது.

ஜான் மோசஸ் பிரௌனிங் 1855-இல் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோனதன் துப்பாக்கி செய்பவர், மார்மன் சமயத்தினர். அவருக்கு மூன்று மனைவியர், இருபத்திரண்டு மக்கள். ஜான் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். பட்டறையின் ஓட்டை உடைசல் குவியலே அவருக்குப் பாடநூல். சிறுவனாக இருந்தபோதே அதிலிருந்து பொறுக்கிய குழாயும் கட்டையும் கொண்டு ஒரு துப்பாக்கி செய்துவிட்டார். 1879-இல், இருபத்து நான்காம் வயதில், ஒரு தோட்டா ரைஃபிளுக்கு முதல் காப்புரிமை பெற்றார். 1883-இல் வின்செஸ்டர் கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் ரயிலேறி ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து அந்த உரிமையை வாங்கிச் சென்றார்.

1889-இல் ஒரு நாள் நண்பர்களோடு குறி பார்த்துச் சுடச் சென்றார். குழலின் வாயிலிருந்து வெடித்து வந்த காற்று எதிரே நின்ற புல்லைச் சாய்த்தது. எல்லாரும் பார்த்ததுதான். வீணாய்ப் போகும் அந்த விசையே அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன என்று எண்ணியவர் பிரௌனிங். வீடு திரும்பிப் பழைய ரைஃபிள் ஒன்றைப் பிரித்துச் சோதனையில் இறங்கினார். அந்த எண்ணத்திலிருந்து அவருடைய இயந்திரத் துப்பாக்கி பிறந்தது. விசையைத் துப்பாக்கிக்கே வேலைக்காரனாக்கும் அதே எண்ணம் கைத்துப்பாக்கிக்கும் வந்தது. பெல்ஜியத்தின் எப்.என். கம்பெனி 1897-இல் சைக்கிள் செய்யும் முறையை அறிந்துவர ஒருவரை அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. போனவர் பிரௌனிங்கைக் கண்டு, கைத்துப்பாக்கியின் உரிமையோடு திரும்பினார். பிரெஞ்சு மொழியில் இன்றும் கைத்துப்பாக்கிக்கு 'பிரௌனிங்' என்றே ஒரு பெயர் உண்டு.

இனி அந்தப் பொறியின் உள்ளே சற்று நோக்குவோம். அவர் வாழ்நாள் முழுதும் போராடியது அங்கேதான். சுட்டவுடன் மேற்பகுதி, அதாவது ஸ்லைடு, பின்னோக்கி ஓடுகிறது. கொக்கி ஒன்று வெற்றுக் கூட்டை இழுத்து எறிகிறது. பிறகு வில்சுருள் ஸ்லைடை முன்னே தள்ளுகிறது. கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் மேலே நிற்கும் தோட்டாவை ஸ்லைடு உந்த, அதன் மூக்குச் சிறு சரிவில் ஏறி அறைக்குள் புகுகிறது. இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிய வேண்டும். எங்காவது மயிரிழை பிசகினால் தோட்டா குறுக்கே நிற்கும். ஸ்லைடு பாதி வழியில் நிற்கும். துப்பாக்கி வெறும் இரும்பு.

எங்கள் கோரமண்டலில் என் பாட்டனார் சுரங்கத்தில் பிட்டராக இருந்தவர். தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்ட பின்பும் அவர் பேச்சு சுரங்கத்தை விட்டு ஏறவில்லை. கல் இறங்கும் சரிவுப் பெட்டி அடைத்துக்கொண்டால் புதிய ஆட்கள் கதவைச் சுத்தியால் அடிப்பார்களாம். அவரோ கல் எந்தப் பக்கம் திரும்பி வந்தது என்று முதலில் பார்ப்பாராம். துப்பாக்கிக்கும் இதே நியாயந்தான். சிக்கியது அறை வாயிலில் என்றாலும் குற்றவாளி பெரும்பாலும் மேகசினே. அதன் மேல் உதடுகள் வளைந்திருந்தால் தோட்டாவின் மூக்கு மிக உயர்ந்தோ தாழ்ந்தோ வரும். உள்ளிருக்கும் வில்சுருள் தளர்ந்தால், ஸ்லைடு திரும்புமுன் தோட்டா மேலே வந்து சேராது. ஆகவே அறிந்தவர்கள் மேகசின்களுக்கு எண் இட்டு வைப்பர். கோளாறு ஒரே எண்ணோடு வந்தால் விடை கிடைத்துவிட்டது. எந்த எண்ணோடும் வந்தால், சரிவில் அழுக்கா, கொக்கி இறுக்கமா, தோட்டாவில் மருந்து குறைவா, சுடுபவர் மணிக்கட்டைத் தளர்த்தி ஸ்லைடின் ஓட்டத்தைக் கெடுக்கிறாரா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். மேகசினைக் கழற்றி, அறை வெறுமை என்று கண்ணால் கண்ட பிறகே இவையெல்லாம்.

பிரௌனிங்கும் தவறாதவர் அல்லர். அவருடைய புகழ்பெற்ற 7.65 மில்லிமீட்டர் தோட்டாவின் அடி விளிம்பு கூட்டைவிடச் சிறிது புடைத்திருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் விழுந்துவிட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். மேகசினில் நிரப்பும்போதே மேல் விளிம்பு முன்னால் நிற்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதே தோட்டாதான் இந்தியாவில் உரிமம் பெற்றோர் வாங்கும் .32 பிஸ்டலிலும் இருப்பது. பின்னர் அமைத்த .45 தோட்டாவில் அவர் அந்தப் புடைப்பை நீக்கிவிட்டார். தம் பிழையைத் தாமே அழித்த இச்செயலே அவர் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது.

அந்த .45 பிஸ்டலுக்கு 1911 மார்ச்சில் அமெரிக்க இராணுவம் வைத்த சோதனை கடுமையானது. முந்தைய நவம்பரில் அவருடையதும் போட்டியாளரான சாவேஜ் கம்பெனியுடையதும் குறை காட்டியிருந்தன. குளிர்காலம் முழுதும் குறைகளைக் களைந்துகொண்டு மீண்டும் வந்தார் பிரௌனிங். ஆறாயிரம் தோட்டாக்கள், கை பொறுக்காத சூடு ஏறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மேலும் சுட்டனர். சாவேஜ் முப்பத்தேழு முறை கோளாறு காட்டிற்று. பிரௌனிங்குடையது ஒரு முறையும் இல்லை.

அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் மணியாச்சி. அங்கே இருந்தது வேறு மாதிரி. ஆனால் அதே கையின் படைப்பு. தானியங்கிப் பிஸ்டலில் முதல் தோட்டாவை அறைக்குள் ஏற்றுவது மனிதன் கை. பின் வருபவற்றை ஏற்றுவது பொறி. ஆஷின் மேல் பாய்ந்த குண்டுக்குப் பின், பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் வாஞ்சிநாதன் தம் உயிரை மாய்த்துக்கொண்ட குண்டைப் பொறிதான் ஏற்றித் தந்தது. அது சிக்கியிருந்தால் அவர் உயிரோடு பிடிபட்டிருப்பார்; பதினால்வர் மீது நடந்த அந்த வழக்கின் போக்கே வேறாகியிருக்கும். ஆக்டன் நகரத்துக் கொல்லர் மணியாச்சி என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்.

1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றதும் ஒரு பிரௌனிங்கே. தொடர்ந்து வந்த உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய 1917-இல், அவருடைய இயந்திரத் துப்பாக்கி ஒன்று சோதனையில் நாற்பத்தெட்டு நிமிடத்திற்கு மேல் நில்லாமல் சுட்டது. இதைப் படித்தபோது மாணவன் என்ற முறையில் வியந்தேன். பிறகு அந்த நிமிடங்களின் எதிரே நிற்பவர் யார் என்று எண்ணியபோது வியப்பு அடங்கிற்று. அவர் தம் போர்க்கால உரிமைகளை வழக்கமான வருவாயைவிட மிகக் குறைந்த தொகைக்கு, 7,50,000 டாலருக்கு, அரசுக்கு விட்டுக்கொடுத்தார். நாட்டுப்பற்று என்பர், இருக்கலாம்.

1926 நவம்பர் 26-ஆம் நாள், பெல்ஜியத்து எப்.என். தொழிற்சாலையில், மகன் வாலின் அறையில், மாரடைப்பால் இறந்தார். வயது 71. அப்போது அவர் மேசையில் ஒரு புதிய பிஸ்டல் முடியாமல் இருந்தது. டியூடோனே சைவ் என்ற பெல்ஜியப் பொறியாளர் அதை முடித்தார், 1935-இல் வெளிவந்தது. பின்னாளில் இந்தியப் படைக்காக இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை செய்த 9 மில்லிமீட்டர் பிஸ்டல் அதன் வழியில் வந்ததே. அதன் மேகசினில் பதின்மூன்று தோட்டாக்கள் இரண்டு வரிசையாய் ஏறி வந்து, உதட்டருகே ஒற்றை வரிசையாக ஒடுங்க வேண்டும். அந்த ஒடுக்கத்தில் சிக்காமல் வரச் செய்வதே பெரும்பாடு.