மனதைத் திறந்து பேசிய மங்கை

இங்கிலாந்தில் ஹாவர்த் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பாதிரியாரின் மகள் சார்லட் பிராண்டே. 1816-ல் பிறந்தவள். ஐந்து வயதில் தாயை இழந்தாள். பள்ளியில் பிடித்த நோய், 1825-ல் அவளுடைய அக்காள் இருவரையும் கொண்டுபோனது.

அது வேறு காலம். காதலை ஆண்தான் முதலில் சொல்ல வேண்டும். பெண் தலைகுனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும். கதைகளிலும் பெரும்பாலும் அதுதான் வழக்கம்.

1839-ல் சார்லட்டை மணக்க விரும்பி இருவர் கடிதம் எழுதினார்கள். சார்லட்டின் மனம் ஒட்டவில்லை. இருவரையும் மறுத்துவிட்டாள். சொத்து இல்லாத பெண்ணுக்கு அது பெரிய துணிச்சல்!

கிழிந்த கடிதங்கள்

1842-ல் பெல்ஜியம் நாட்டுக்குப் படிக்கப் போனாள். அங்கே ஹெகர் என்ற ஆசிரியர் மீது அவள் மனம் சென்றது. அவரோ மணமானவர். ஊர் திரும்பிய சார்லட், அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினாள். பதிலுக்கு ஏங்கினாள். அந்தக் கடிதங்களில் நான்கு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் சில, கிழிக்கப்பட்டுப் பிறகு நூலால் தைக்கப்பட்டவை!

ஏழைப் பெண்ணின் பேச்சு

1847-ல் 'ஜேன் அயர்' நாவல் வெளிவந்தது. கரர் பெல் என்ற புனைபெயரில் சார்லட் எழுதியது. கதாநாயகி அழகியல்ல, பணக்காரியும் அல்ல. ஒரு வீட்டில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். தன் மனதில் உள்ளதை அந்த வீட்டு எஜமானர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். ஆன்மாவில் இருவரும் சமம் என்கிறாள். ஆனால், அவருக்கு மனைவி உயிரோடு இருப்பது தெரிந்ததும், அந்த வீட்டை விட்டே போய்விடுகிறாள்.

நாவல் அமோகமாக விற்றது. பெண்ணுக்கு இந்தப் பேச்சு அடுக்குமா என்று சிலர் சீறினார்கள்.

நடுங்கிய குரல்

1848, 1849-ல் தம்பியும் தங்கைகள் இருவரும் அடுத்தடுத்து இறந்தனர். வீட்டில் மிஞ்சியவர்கள் தந்தையும் மகளும்தான்.

1852-ல் தந்தையின் உதவிப் பாதிரியார் நிக்கல்ஸ், சார்லட்டிடம் தன் காதலைச் சொன்னார். அவர் உடல் நடுங்கியது, வார்த்தை தடுமாறியது. தந்தை கொதித்தார். சார்லட் மறுத்தாள். நிக்கல்ஸ் ஊரை விட்டே போனார். ஆனால் கடிதம் எழுதுவதை விடவில்லை. மெல்ல மெல்ல சார்லட்டின் மனம் இளகியது. தந்தையையும் இணங்க வைத்தாள்.

1854 ஜூன் 29-ல் திருமணம் நடந்தது. தந்தை தேவாலயத்துக்கு வரவில்லை. முன்பு அவளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியைதான் கைப்பிடித்துக் கொடுத்தாள்.

அந்த இல்வாழ்க்கை ஒன்பது மாதமே நீடித்தது. கர்ப்பமாக இருந்த சார்லட், 1855 மார்ச் 31-ல் கண்ணை மூடினாள். வயது 38.

கதாநாயகிக்குத் தடையில்லாத பேச்சைக் கொடுத்தவள் அவள். அவள் மனதை வென்றதோ, பேச முடியாமல் தடுமாறிய ஒருவரின் அன்பு!