வாளை இறக்கிவைத்த வேளை – ஜோர்ஜ் வாஷிங்டன்

பொறுப்பொன்றை ஏற்பதற்குத் துணிவு வேண்டும்; அதனைச் செவ்வனே நடத்துவதற்கு ஆற்றல் வேண்டும்; உரிய வேளையில் அதனை இறக்கி வைப்பதற்கோ இவ்விரண்டினும் மேலான மனப்பக்குவம் வேண்டும். வேலை முடியுமுன்னரே கைவிட்டுச் செல்வோர் பலர். முடிந்த பின்னரும் ஆசனத்தை விட மனமின்றி அமர்ந்திருப்போர் அவரினும் பலர். முடியவேண்டியது முடியுமட்டும் நின்று, முடிந்ததும் வீணே தங்காது வீடு திரும்பியவர் உலக சரித்திரத்தில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதற் சேனாதிபதியும் முதற் சனாதிபதியுமாகிய ஜோர்ஜ் வாஷிங்டன். அவர் பெற்ற வெற்றிகளைப் பாடசாலைப் புத்தகங்களிற் படித்திருக்கிறோம். அவர் படைத்தொழிலினின்றும் ஓய்வு பெற்ற விதத்தையே நாம் இங்குச் சிறப்பாகச் சிந்திக்க விரும்புகிறோம்.

வாஷிங்டன் 1732ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 22ஆந் தேதி, அக்காலத்திற் பிரித்தானியக் குடியேற்ற நாடாயிருந்த வேர்ஜீனியாவிற் பிறந்தார். பதினொரு வயதிலே தந்தையை இழந்தார். தமையன்மாரைப் போல இங்கிலாந்து சென்று கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. நில அளவைத் தொழிலைக் கற்று, 17ஆம் வயதிலேயே மாவட்ட நில அளவையாளராக நியமனம் பெற்றார். பின்னர் எல்லைப்புறத்திற் பிரெஞ்சுக்காரருடன் நிகழ்ந்த போரிற் படைத்தலைமை ஏற்றார். அங்கே தோல்வியுங் கண்டார், துன்பமுங் கண்டார். பிரித்தானிய அரச சேனையில் நிரந்தரப் பதவி பெற வேண்டுமென்று முயன்றும் அது கைகூடவில்லை. ஆயினும் மனக்கசப்போடு இடைநடுவில் விலகினாரல்லர். பிரெஞ்சுக்காரரின் டியூகேன் கோட்டை 1758 நவம்பரில் வீழ்ந்து, வேர்ஜீனியாவின் எல்லைக்கு ஆபத்து நீங்கிய பின்னரே பதவியைத் துறந்தார். 1759 ஜனவரியில் மார்த்தா என்னும் விதவையை மணந்து, பொட்டோமாக் நதிக்கரையிலுள்ள மவுண்ட் வேர்ணன் என்னும் தமது பண்ணையில் வேளாண்மை செய்து வாழலானார்.

ஏறக்குறைய 16 ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தன. பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் பிரித்தானிய அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, 1775 ஜூன் 15ஆந் தேதி காங்கிரஸ் மகாசபை அவரைச் சேனாதிபதியாகத் தெரிவு செய்தது. சம்பளம் வேண்டாமென்று மறுத்த அவர், செலவுக் கணக்கை மாத்திரம் எழுதி வைத்து இறுதியிற் பெற்றுக்கொள்வதாகக் கூறினார். அக்கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

போரின் வரலாற்றை விரிக்க இங்கு இடமில்லை. 1776இல் நியூயோர்க் நகரை இழந்து பின்வாங்கினார். அவ்வாண்டின் கிறிஸ்மஸ் இரவிலே பனிக்கட்டி மிதந்த டெலவெயார் நதியைக் கடந்து ட்ரென்ரனில் எதிரியை வென்றார். 1777–78 மாரிகாலத்தில் வாலி போர்ஜ் பாசறையில் அவரது வீரருள் ஏறக்குறைய 2,000 பேர் நோயால் மடிந்தனர். ஈற்றில் 1781 அக்டோபர் 19ஆந் தேதி, பிரெஞ்சுப் படையினதும் கப்பற் படையினதும் துணையோடு, யோர்க்டவுணில் கோர்ன்வாலிஸ் பிரபுவின் சேனையைச் சரணடையச் செய்தார்.

இந்தக் கோர்ன்வாலிஸ் எமக்கும் அந்நியரல்லர். இந்தியாவில் மகாதேசாதிபதியாக வந்து 1792இல் திப்பு சுல்தானைப் பணியச் செய்தவர் அவரே. 1802இல் பிரித்தானியாவின் சார்பில் அமியன்ஸ் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டவரும் அவரே. அவ்வுடன்படிக்கையினாலேயே ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கைக் கரையோரப் பகுதிகள் பிரித்தானியருக்கு உரித்தாயின.

யோர்க்டவுண் வெற்றியோடு போர் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். வாஷிங்டனுக்கு அப்போது வயது 49. ஆறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமது வீட்டைக் காணாதிருந்து, யோர்க்டவுணுக்குச் செல்லும் வழியிலேதான் சில நாள் அங்குத் தங்கியிருந்தார். வெற்றி கிட்டிய சில நாட்களுள், பாசறைக் காய்ச்சலால் மனைவியின் மகன் ஜோன் கஸ்டிஸ் இறந்தார். புகழின் உச்சியில் நின்ற அவ்வேளையில், குடும்பத் துயரைக் காரணங் காட்டி அவர் விலகியிருப்பின் எவரும் குறை கூறியிரார். ஆயினும் நியூயோர்க், சாள்ஸ்ரன், சவன்னா ஆகிய துறைமுக நகரங்கள் இன்னும் எதிரியின் கையில் இருந்தன. ஆகவே அவர் மீண்டும் வடக்கே சென்று, ஹட்சன் நதிக்கரையில் நியூபேர்க்கிலே பாசறை அமைத்துக் காத்திருந்தார்.

போரிடுவதினும் காத்திருப்பது கடினம். வீரருக்கு மாதக்கணக்காகச் சம்பளமில்லை. அதிகாரிகளுக்கு ஆயுள் முழுவதும் அரைச் சம்பளம் ஓய்வூதியமாகத் தரப்படுமென்று 1780இல் காங்கிரஸ் வாக்களித்திருந்தது. ஆனால் வரி விதிக்கும் அதிகாரமற்ற அச்சபையிடம் பணமேது? போர் முடிந்தால் தம்மை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் பாசறையெங்கும் பரவியது. 1782 மே மாதத்தில் நிக்கொலா என்னும் அதிகாரி, நாட்டுக்கு ஓர் அரசன் வேண்டும், அதற்குரியவர் சேனாதிபதியே என்ற கருத்துப்பட ஒரு மடல் அனுப்பினார். வாஷிங்டன் அன்றே விடையெழுதி, அவ்வெண்ணத்தை வன்மையாகக் கண்டித்து ஒதுக்கினார்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் நெருக்கடி முற்றியது. காங்கிரஸை மிரட்டியேனும் உரிமையைப் பெறவேண்டுமென்று தூண்டும் பெயரிடாக் கடிதங்கள் அதிகாரிகளிடையே உலாவின. 1783 மார்ச் 15ஆந் தேதி அவர்கள் கூடிய மண்டபத்துள் வாஷிங்டன் தாமே சென்று, பொறுமையை வேண்டிப் பேசினார். பேச்சினாற் பெரும் மாற்றம் விளையவில்லை. பின்னர் ஒரு கடிதத்தை வாசிக்கத் தொடங்கித் தடுமாறி, சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி அணிவதை அங்கிருந்தோரிற் பலர் அறியார். நாட்டுப் பணியில் நரைத்ததோடு பார்வையும் மங்கிவருகிறதென்று அவர் மன்னிப்புக் கேட்கும் பாவனையிற் சொன்ன சிறு வார்த்தையிலே, போரிற் கலங்காத வீரர் கண்ணீர் விட்டனர். கலகம் அவிந்தது. ஒரு வாரத்துள், ஆயுட்கால அரைச் சம்பளத்துக்குப் பதிலாக ஐந்தாண்டு முழுச் சம்பளத்துக்குரிய கடன் பத்திரங்கள் வழங்கக் காங்கிரஸ் இசைந்தது. யோர்க்டவுணோடு அவர் வீடு திரும்பியிருந்தால், நியூபேர்க்கிலே அந்நாளில் யார் எழுந்து நின்றிருப்பார்? இவ்வொரு வினாவே அவர் காத்திருந்ததன் பயனை விளக்கும்.

1783 ஏப்ரல் 19ஆந் தேதி போர் நிறுத்தம் படைக்கு அறிவிக்கப்பட்டது. ஜூனில் வீரருட் பெரும்பாலோர் விடுமுறை என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அம்மாதமே வாஷிங்டன் மாநிலங்கள் அனைத்துக்கும் சுற்றுமடல் விடுத்து, தாம் ஓய்வு பெறப்போவதையும், இனிப் பொதுப்பதவி எதனையும் நாடாமையையும் அறிவித்தார். எனினும் உடனே செல்லவில்லை. ஒரு கடமை எஞ்சியிருந்தது. ஏழாண்டுகட்கு முன் தாம் இழந்த நியூயோர்க் நகரிலிருந்து பிரித்தானியப் படை வெளியேறுவதைக் கண்ணாரக் கண்டு, நகரைக் குடியாட்சியிடம் ஒப்படைத்தலே அது.

அங்கிருந்த பிரித்தானியத் தளபதி சேர் கை கார்ல்டன், தம்மை நம்பி வந்தோர் அனைவரையும் கப்பலேற்றாமற் போகமாட்டேன் என்றார். மாதங்கள் நகர்ந்தன. இங்கு ஒன்றை மறைத்தல் தகாது. விடுதலை தருவதாகப் பிரித்தானியர் கூறியதை நம்பி ஓடிச்சென்ற கறுப்பின அடிமைகளை உரியவரிடம் திருப்பித் தரவேண்டுமென்று, அவ்வாண்டு மே மாதம் வாஷிங்டன் கார்ல்டனிடம் கேட்டார். கார்ல்டன் கொடுத்த வாக்கை மீற மறுத்து, ஏறக்குறைய 3,000 பேரைக் கப்பலேற்றி அனுப்பினார். சுதந்திரத்துக்குப் போராடியவர் தாமே அடிமைகளை உடையவராயிருந்தார் என்பது அவர் வாழ்விற் படிந்த பெருங்களங்கம்.

நவம்பர் 25ஆந் தேதி பிரித்தானியர் கப்பலேறினர். ஆளுநர் கிளிண்டனுடன் வாஷிங்டன் குதிரை மீதமர்ந்து நகரினுட் புகுந்தார். கோட்டைக் கொடிமரத்திற் பிரித்தானியக் கொடியை ஆணியடித்து, மரத்துக்குக் கொழுப்புந் தடவிச் சென்றிருந்தார்கள். ஒரு மாலுமி படிக்கட்டைகளை அறைந்து ஏறி அதனை அகற்றிப் புதுக்கொடியை ஏற்றினான். கடைசிக் கடமை நிறைவேறிற்று.

அதன் பின் அவர் தாமதிக்கவில்லை. டிசம்பர் 4ஆந் தேதி ஃபிரான்சஸ் விடுதியில் எஞ்சியிருந்த அதிகாரிகளிடம் விடைபெற்றார். முதலில் நொக்ஸ் தளபதியையும், பின் ஒவ்வொருவரையும் கண்ணீரோடு தழுவிக்கொண்டு, பேச்சின்றித் துறையிற் காத்திருந்த படகில் ஏறினார். வழியிற் பிலடெல்பியாவில் இறங்கி, எட்டாண்டுச் செலவுக் கணக்கைத் தம் கைப்படவே எழுதித் திறைசேரியிற் சமர்ப்பித்தார். கணக்காய்வாளர் கண்ட பிழை ஒரு டொலருக்கும் குறைவு; அதுவும் அவருக்கே சேரவேண்டியதாக இருந்தது.

1783 டிசம்பர் 23ஆந் தேதி நண்பகலில் அனாபொலிஸ் நகரிற் கூடியிருந்த காங்கிரஸின் முன் அவர் நின்றார். அச்சபையின் நிலைமை என்ன? சமாதான உடன்படிக்கையை உறுதிப்படுத்த ஒன்பது மாநிலங்கள் வேண்டும், வந்திருந்தவையோ ஏழு. உறுப்பினர் ஏறக்குறைய இருபதின்மர். தலைவராக வீற்றிருந்த தோமஸ் மிவ்லின், முன்னர் வாஷிங்டனைக் குறைகூறியோருள் ஒருவர். உறுப்பினர் தொப்பியோடு அமர்ந்திருந்தனர். வாஷிங்டன் எழுந்து தலைவணங்கினார். அவர்கள் தொப்பியை மாத்திரம் சற்றே அகற்றினர், வணங்கவில்லை. படை குடிமக்களின் சபைக்குக் கீழ்ப்பட்டதென்பதைக் காட்டுவதற்காகவே இம்முறை முன்கூட்டி வகுக்கப்பட்டது. கை நடுங்க உரையை வாசித்து, 1775இல் பெற்ற நியமனப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். பணமுமற்ற, பலமுமற்ற அச்சபையை ஒரு விரலசைவால் கலைத்திருக்கக் கூடியவர், அதன் முன் ஒரு சாதாரண குடிமகனாகி வெளியே வந்தார். மறுநாள், கிறிஸ்மஸுக்கு முந்திய மாலையில் வீடு சேர்ந்தார்.

1789இல் மக்கள் அவரைச் சனாதிபதியாக்கினர். இரு தவணை முடிந்ததும் 1797இல் அப்பதவியையும் விட்டு விலகினார். 1798இல் பிரெஞ்சுப் போர் மூளுமென்ற அச்சத்தில் மீண்டும் சேனைத் தலைமை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது, போர் மூளவில்லை. 1799 டிசம்பர் 14ஆந் தேதி மவுண்ட் வேர்ணனில் மறைந்தார். தமக்குரிய அடிமைகளைத் தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்குமாறு மரண சாசனத்தில் எழுதி வைத்திருந்தார். நெடுங்காலம் தாழ்த்தி அவர் செய்த கடமை இதுவொன்றே எனலாம்.

இச்சரிதத்திலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? ஓய்வு என்பது நாட்காட்டியை மாத்திரம் பார்த்துக் குறிக்கும் நாளன்று. தம் கையில் எஞ்சியுள்ள கடமை எது, அது எப்போது முடியும் என்று கண்டு குறிக்கும் நாள் அது. வாஷிங்டன் முன்னரே தம் விலகலை அறிவித்தார், எஞ்சிய கடமையைத் தாமே இருந்து முடித்தார், கணக்கை ஒப்புவித்தார், பதவியைத் தந்தவரிடமே திருப்பிக் கொடுத்தார். சங்கமொன்றின் தனாதிகாரியும், பாடசாலையொன்றின் தலைமையாசிரியரும், குடும்பமொன்றின் தலைவரும் இந்நான்கையும் தத்தம் அளவிற் கைக்கொள்ளலாம்.

வாலிப அன்பர்களே, தொடங்கிய பணியை இடையிற் கைவிடாதீர்கள். முதிர்ந்த பெரியோர்களே, பணியை முடித்து இளையோர் கையில் ஒப்புவிக்கும் நாளை நீங்களே முன்னின்று குறியுங்கள். ஏற்கும் கையும் ஒப்புவிக்கும் கையும் உரிய வேளையில் ஒன்றையொன்று சந்திக்குமாயின், சங்கமும் வாழும், சமூகமும் வாழும் என்பது எமது துணிபு.