கொமடோர் ஜோன் பரி

அமெரிக்கக் கடற்படையின் தந்தை யாரென்று கேட்டால் பலரும் ஜோன் போல் ஜோன்ஸ் என்றே சொல்வர். அப்பட்டத்துக்கு உரிமை கோரத்தக்க இன்னொருவர் பிலடெல்பியா நகரில், புனித மரியாள் ஆலயச் சேமக்காலையில் துயில்கொள்கிறார். அயர்லாந்துக் கத்தோலிக்கரான கொமடோர் ஜோன் பரியே அவர்.

1745ஆம் ஆண்டு வெக்ஸ்போர்ட் மாவட்டத்தில் ஓர் ஏழைக் குடியானவரின் மகனாகப் பிறந்தார். புனித பத்திரிசியார் வேதம் போதித்த அந்நாட்டில் அன்று கத்தோலிக்கர் காணி வாங்கவோ அரச பதவி வகிக்கவோ சட்டம் இடங்கொடுக்கவில்லை. குத்தகை நிலத்திலிருந்து நிலச்சொந்தக்காரன் அக்குடும்பத்தை வெளியேற்றினான். தந்தையின் சகோதரர் மீன்பிடிப் படகொன்றின் தலைவர். அவரைப் பார்த்துக் கடலை நாடிய சிறுவன், கப்பலில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, 1760 அளவில் பிலடெல்பியாவை அடைந்தான். குவேக்கர் சபையார் நிறுவிய அக்குடியேற்றத்தில் கத்தோலிக்கர் பகிரங்கமாகத் திருப்பலி காணலாம். ஏனைய பல குடியேற்றங்களில் அவ்வாறில்லை. 21 வயதில் அவர் கப்பற் தலைவரானார்.

சுதந்திரப் போர் மூண்டதும் லெக்சிங்டன் என்னும் கப்பல் அவர் பொறுப்பில் விடப்பட்டது. 1776 ஏப்பிரல் 7இல் பிரித்தானியரின் எட்வேட் கப்பலைக் கைப்பற்றினார். ஆயினும் அவருடைய நெஞ்சுரத்தை அறிய 1781 மே 28ஐயே பார்க்கவேண்டும். அன்று காற்று அடியோடு விழுந்துவிட்டது. அவருடைய அலையன்ஸ் பெரிய பாய்க்கப்பல்; அசைய வழியில்லை. பகைவரின் சிறிய கப்பல்கள் இரண்டும் தண்டு வலித்து, அதன் பீரங்கிகள் எட்டாத பின்புறமாக வந்து நின்று சுட்டன. பரியின் இடது தோளிலே குண்டு பாய்ந்தது. இரத்தம் பெருகவே அவரைக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுபோயினர். கொடியும் அறுந்து வீழ்ந்தது. துணைத்தலைவர் இறங்கிவந்து, சரணடையலாமா என்று கேட்டார். பரி மறுத்ததோடு, தம்மை மேலே தூக்கிச் செல்லும்படி பணித்தார். அவ்வேளையிலே காற்று எழுந்தது. கப்பல் திரும்பியது. சிறிது நேரத்தில் இரு கப்பல்களும் பணிந்தன. காற்று வராதிருந்தால்? அதை அறியாமலே அவர் மறுத்தார் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

அவரைப் புனிதராக்கிவிட வேண்டியதில்லை. 1787இல் பென்சில்வேனியாச் சட்டசபைக்கு வராது ஒளித்திருந்த உறுப்பினர் இருவரைப் பலவந்தமாக இழுத்துவந்த கூட்டத்துக்கு அவரே தலைமை வகித்தார். முற்கோபக்காரரென்றே தோன்றுகிறது.

இல்லத்திலோ துயரம் மிகுதி. 1774இல் அவர் கடலிலிருந்தபோதே முதல் மனைவி மேரி இளவயதில் காலமானார். 1777இல் மணந்த சாரா, பின்னர் கத்தோலிக்க மறையைத் தழுவினார். பிள்ளைப்பேறு இல்லை. தாய்தந்தையரை இழந்த தம் சகோதரியின் புதல்வர் இருவரையும் அயர்லாந்திலிருந்து அழைப்பித்துத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர்.

1797 பெப்ரவரி 22இல் ஜனாதிபதி வாஷிங்டன், புதிய கடற்படையின் முதலாம் இலக்க நியமனப் பத்திரத்தை அவர் கையில் கொடுத்தார். பிறந்த நாட்டில் எந்தப் பதவிக்கும் அருகதையற்றவரென ஒதுக்கப்பட்ட குலத்தவர் அவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1803 செப்ரெம்பர் 13இல் இறைபதம் எய்தினார்.

1956இல் அமெரிக்க மக்கள் அவருடைய சிலையொன்றை வெக்ஸ்போர்ட் துறைமுகத்துக்கு அன்பளிப்புச் செய்தனர். 1963 ஜூனில் அதன் அடியிலே மலர்வளையம் வைத்தவர், அமெரிக்காவின் முதற் கத்தோலிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடி. அவருடைய பாட்டனாரின் தந்தையும் அதே மாவட்டத்திலிருந்து கப்பலேறிச் சென்றவரே.