அமைதிப் பரிசு பெற்ற படைத்தளபதி

நோபல் அமைதிப் பரிசு பெற்றவர்களில் தொழில்முறைப் படைவீரர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ஜார்ஜ் மார்ஷல். இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் எனக்குக் கிடைத்தது மார்ஷல் திட்டம் என்ற பெயர் மட்டுமே. பிறகு அம்மனிதரைப் பற்றித் தேடிப் படித்தபோது, திட்டத்தைக் காட்டிலும் அவர் வாழ்க்கையே என்னை ஈர்த்தது.

1880 டிசம்பர் 31ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் யூனியன்டவுனில் பிறந்தார். 1902இல் இளம் அதிகாரியாகப் பிலிப்பைன்சின் மிண்டோரோ தீவுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. இன்றைய என்னைவிட ஒரு வயது இளையவர்! போர் ஓய்ந்த அத்தீவில் காலராவைச் சமாளிப்பதும் ஊர் நிர்வாகத்தைக் கவனிப்பதும் அவர் தலையில் விழுந்தன. துப்பாக்கி ஓய்ந்த பிறகுதான் பாதி வேலையே தொடங்குகிறது என்பதை அங்கேயே கண்டிருப்பார் என்பது என் எண்ணம்.

1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்தில் புகுந்த அதே நாளில், அமெரிக்கத் தரைப்படைத் தலைவராகப் பதவியேற்றார். இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத படை, 1945இல் 8 மில்லியனைத் தாண்டியது. இதைப் பலரும் புகழ்கின்றனர். என்னை வியக்க வைத்தது வேறொன்று. 1942 மே மாதம் கொரிகிடோர் கோட்டை ஜப்பானியரிடம் விழுந்தது. வெற்றி எங்கோ தொலைவில் இருந்த அதே மாதத்தில், மீட்கப்படும் நாடுகளை நிர்வகிக்க அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளியொன்றை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அவரது இராணுவம் திறந்தது! இராணுவத்தினர் ஆட்சி நடத்தப் பழகுவதா என்று வாஷிங்டனில் சிலர் முகம் சுளிக்கவும் செய்தனர்.

போர் அவர் வீட்டையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய மனைவியின் முதல் மணத்து மகன் ஆலன், 1944 மே மாதம் இத்தாலியில் உயிரிழந்தார்.

1945 இறுதியில், ஓய்வு பெற்ற சில நாட்களிலேயே, அதிபர் ட்ரூமன் அவரைச் சீனாவுக்கு அனுப்பினார். சியாங் கை ஷேக் தரப்புக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையே சமரசம் செய்ய ஓராண்டுக்கு மேல் உழைத்தார், முடியவில்லை. அதன்பின் வெளியுறவு அமைச்சரானபோதும், அந்த உள்நாட்டுப் போரில் அமெரிக்கப் படைகளை இறக்க அவர் உடன்படவில்லை. படையின் வலிமையை அவரளவு அறிந்தவர் அன்று எத்தனை பேர்? அதன் எல்லையையும் அவர் அறிந்திருந்தார். இதற்காகவே பின்னாளில் செனட்டர் மெக்கார்த்தி அவரைத் துரோகி என்ற அளவுக்குத் தூற்றினார்.

1947 ஜூன் 5ஆம் நாள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சுருக்கமான உரையில் பிறந்ததே மார்ஷல் திட்டம். தேவைகளை ஐரோப்பியர்களே கூடிப் பட்டியலிட வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. சோவியத் ஒன்றியத்துக்கும் கதவு திறந்திருந்தது, ஸ்டாலின் மறுத்துவிட்டார். 1948 முதல் சுமார் 13 பில்லியன் டாலர் உதவி சென்றது; நேற்றைய எதிரியான மேற்கு ஜெர்மனிக்கும் அதில் பங்குண்டு. கம்யூனிசத்தைத் தடுக்கும் தன்னலமும் இதில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1953 டிசம்பரில் ஓஸ்லோவில் பரிசு வழங்கப்பட்டபோது, மாடத்திலிருந்து சிலர் எதிர்ப்புத் துண்டறிக்கைகளை வீசிக் கூச்சலிட்டனர். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது தரைப்படைத் தலைவராக இருந்தவர் அவர்தானே. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

பெருந்தொகை தர முன்வந்தும் தன்வரலாறு எழுத மறுத்த மார்ஷல், 1959 அக்டோபர் 16ஆம் நாள் காலமானார். ஆடம்பர அரசு மரியாதை வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்திருந்ததால், ஆர்லிங்டனில் எளிமையாகவே அடக்கம் செய்யப்பட்டார்.