எக்ஸ்ரே வண்டியில் யுத்தகளம் சென்ற கியூரி அம்மையார்

1914-ம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கம். பாரிஸ் நகரம் கதிகலங்கிப் போயிருந்தது. ஜெர்மன் படை நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு போர்டோ நகருக்குப் போய்விட்டது. தெற்கே செல்லும் ரெயில்களில் கால் வைக்க இடம் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு ரெயிலில் கறுப்பு உடை அணிந்த ஒரு பெண்மணி ஏறினார். அவருடன் ஒரு பெட்டி. பார்ப்பதற்குச் சிறியது. ஆனால் தூக்க முடியாத கனம். உள்ளே சுமார் 20 கிலோ ஈயம். அந்த ஈயத்துக்கு நடுவே ஒரே ஒரு கிராம் ரேடியம்!

அவருடைய ஆராய்ச்சிசாலையில் இருந்த ரேடியம் முழுவதும் அவ்வளவுதான். எதிரியின் கையில் அது சிக்கிவிடக் கூடாது என்று போர்டோவுக்குக் கொண்டுபோய், ஒரு பாங்கியின் பாதுகாப்பு அறையில் பூட்டி வைத்தார். எல்லோரும் பாரிஸை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் அடுத்த ரெயிலைப் பிடித்துப் பாரிசுக்கே திரும்பினார்.

அவர்தான் கியூரி அம்மையார். அப்போது அவருக்கு வயது 46. நோபல் பரிசை இரண்டு முறை வாங்கியவர்.

ரேடியத்தைக் கண்டுபிடித்த கியூரி அம்மையாரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். யுத்தகளத்தில் எக்ஸ்ரே படம் எடுத்த கியூரி அம்மையாரைப் பலருக்குத் தெரியாது. அந்தக் கதைதான் இது.

வார்சாவில் பிறந்த பெண்

அம்மையார் 1867-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி போலந்தில் உள்ள வார்சா நகரில் பிறந்தார். தகப்பனார் பள்ளி ஆசிரியர். தாயார் காச நோயால் இறந்தபோது சிறுமிக்கு வயது 10. அந்த நாளில் வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் அக்காளைப் பாரிசில் டாக்டருக்குப் படிக்க வைத்தார். பிறகு 1891-ல் தானும் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

அங்கே படித்துப் பட்டம் பெற்றதும், 1895-ல் பியர் கியூரியை மணந்ததும், 1898-ல் இருவரும் சேர்ந்து ரேடியம் இருப்பதைக் கண்டதும், 1906-ல் குதிரை வண்டியில் அடிபட்டுப் பியர் இறந்ததும் பல புத்தகங்களில் வந்தவை. யுத்தத்துக்கு வருவோம்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இல்லை

எக்ஸ்ரே அப்போது புதிது அல்ல. ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்ஜன் அதை 1895-ம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். பெரிய நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே கருவி இருந்தது. ஆனால் பீரங்கிக் குண்டு விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் அது இல்லை.

காயம்பட்ட சிப்பாயைத் தூக்கி வருவார்கள். தொடையிலே ஒரு துவாரம் தெரியும். உள்ளே போன இரும்புத் துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. டாக்டர் கத்தியை எடுத்துத் தேடுவார். இங்கே இல்லை என்றால் அங்கே. தேடத் தேடப் புண் பெரிதாகும், சீழ் பிடிக்கும். பிறகு காலையே எடுக்க வேண்டி வரும். பலருக்கு உயிரே போய்விடும்.

கியூரி அம்மையார் வைத்தியம் படித்தவர் அல்ல. எக்ஸ்ரே கதிர்களைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறாரே தவிர, தாமே அந்தக் கருவியை வைத்து வேலை செய்தது கிடையாது. ஆனாலும் அவர் மனத்தில் ஒரு யோசனை எழுந்தது. சிப்பாய் எக்ஸ்ரேயைத் தேடி வர முடியாது. எக்ஸ்ரேதான் சிப்பாயைத் தேடிப் போக வேண்டும்.

ஒரு மோட்டார் வண்டி. அதற்குள் ஒரு டைனமோ. வண்டியின் இஞ்சினே டைனமோவைச் சுழற்றும். அதில் வரும் மின்சாரத்தால் எக்ஸ்ரே குழாய் வேலை செய்யும். மின்சாரம் இல்லாத கிராமத்து ஆஸ்பத்திரியிலும் படம் எடுக்கலாம்.

முதல் வண்டிக்குப் பெண்கள் சங்கம் ஒன்று பணம் கொடுத்தது. மற்ற வண்டிகளுக்குப் பணக்காரச் சீமாட்டிகளின் வீட்டு வாசலில் போய் நின்றார். யுத்தம் முடிந்ததும் காரைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்லி வாங்கினார். ராணுவ அதிகாரிகளிடம் அனுமதி வாங்கியதுதான் காரை வாங்கியதைவிடக் கஷ்டம். செஞ்சிலுவைச் சங்கம் அவரைத் தன் எக்ஸ்ரே பகுதிக்குத் தலைவராக்கியது.

1914 நவம்பர் 1-ந் தேதி அம்மையாரும் மூத்த மகள் ஐரீனும் வண்டியுடன் யுத்தமுனைக்குப் புறப்பட்டார்கள். ஐரீனுக்கு அப்போது வயது 17.

நிழலும் கணக்கும்

வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும். டிரைவர் இஞ்சினை நிறுத்த மாட்டார். ஜன்னல் வழியாகக் கம்பி உள்ளே போகும். அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி இருட்டாக்குவார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் தயார். சிப்பாயைப் படுக்க வைத்து ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாயையும், எதிர்ப்பக்கம் ஒளிரும் திரையையும் வைப்பார்கள். திரையில் எலும்பு மங்கலாகத் தெரியும். இரும்புத் துண்டு கரும்புள்ளியாகத் தெரியும்.

புள்ளி தெரிந்தால் போதுமா? போதாது. அது தோலுக்கு அடியிலேயே இருக்கிறதா, எலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கிறதா என்று நிழலைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. டாக்டருக்கு வேண்டியதோ அந்த ஆழம்தான்.

இதற்கு ஒரு வழி உண்டு. வாசகர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சுவருக்குப் பக்கத்தில் ஒரு விரலை நீட்டுங்கள். விளக்கைக் கொஞ்சம் நகர்த்துங்கள். விரலின் நிழல் சிறிதுதான் நகரும். விரலைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, விளக்கை மறுபடியும் அதே அளவு நகர்த்துங்கள். இப்போது நிழல் அதிகமாக நகரும்.

எக்ஸ்ரேயிலும் இதேதான். குழாயை ஓர் இடத்தில் வைத்து நிழலைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு அதைக் குறிப்பிட்ட தூரம் நகர்த்தி மறுபடியும் குறிப்பார்கள். நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், குண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இதை நம்பாத டாக்டர்களும் இருந்தார்கள். அம்மையார் காட்டிய இடத்தில் கத்தி வைத்து, அங்கேயே குண்டு அகப்பட்ட பிறகுதான் நம்பினார்கள். கணிதம் என்றாலே வெறுத்த ராணுவ டாக்டர் ஒருவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க ஐரீன் படாத பாடு பட்டார். இருபது வயது ஆகாத பெண் சொல்லி, மீசை வைத்த டாக்டர் கேட்பதாவது!

1915-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு விபத்து. அம்மையார் வந்த கார் பள்ளத்தில் உருண்டது. பெட்டிகளுக்கு அடியில் அவர் சிக்கிக்கொண்டார். அம்மையாரின் உயிர் போய்விட்டதா என்று டிரைவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மையாருக்கோ கருவிகள் உடைந்திருக்குமே என்றுதான் கவலை. வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. ரத்தக் கறை படிந்த துணியும், பத்திரிகையில் வந்த செய்தியும்தான் விஷயத்தை வெளியிட்டன.

1916-ல் அவரே காரோட்டும் லைசென்ஸ் வாங்கினார். டயர் மாற்றவும் பழகினார்.

150 பெண்கள்

வண்டிகள் 20 ஆயின. ஆஸ்பத்திரிகளில் நிலையான எக்ஸ்ரே அறைகள் 200 அமைந்தன. இப்போது வேறு தொல்லை முளைத்தது. கருவி இருக்கிறது; இயக்க ஆள் இல்லை. ஆண்கள் எல்லாரும் யுத்தகளத்தில் இருந்தார்கள். பழக்கம் இல்லாதவர் கை வைத்தால் படம் புகை மூட்டமாக வரும். அதை நம்பிக் கத்தி வைப்பது, இருட்டில் தேடுவதைவிட மோசம்.

பெண்களுக்கே கற்றுக்கொடுப்பது என்று அம்மையார் தீர்மானித்தார். 1916 முதல் 1918 வரை சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். மின்சாரம், எக்ஸ்ரே, உடற்கூறு என்று பாடங்கள். பாடத்தைவிடச் செய்முறைதான் அதிகம். பணக்கார வீட்டுப் பெண்களும் வந்தார்கள். வீட்டு வேலை செய்து பிழைத்தவர்களும் வந்தார்கள். ஐரீனும் கற்றுக்கொடுத்தார். இன்று எக்ஸ்ரே படிப்புக்கு ஆண்டுக் கணக்கில் ஆகிறது. அன்று சில வாரங்களில் முடித்து அனுப்பினார்கள். குண்டு காத்திருக்குமா?

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை இந்த நிலையங்களில் சோதித்தார்கள் என்று கணக்கு.

தம்முடைய தங்க மெடல்களை உருக்கிக்கொள்ளும்படி அம்மையார் பாங்கியில் கொடுத்தார். அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். பரிசுப் பணத்தை யுத்தக் கடன் பத்திரத்தில் போட்டார். ஐரீனுக்கு ராணுவப் பதக்கம் கிடைத்தது. தாயாருடைய யுத்த சேவைக்குப் பிரெஞ்சு சர்க்கார் ஒன்றும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. யுத்தகால எக்ஸ்ரே வேலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி 1921-ல் வெளியிட்டார்.

பெட்டியைத் திறந்தார்கள்

அந்த நான்கு வருடங்களில் அம்மையாரும் மகளும் துணியால் ஆன கையுறையும் சிறு உலோகத் தகடுமே பாதுகாப்பாக எக்ஸ்ரே முன் நின்றார்கள். கதிர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடனே வலிப்பதும் இல்லை. எக்ஸ்ரே, ரேடியம் இவற்றிலிருந்து ஆட்களைக் காப்பதற்குச் சர்வதேசக் குழு ஒன்று அமைந்ததே 1928-ல்தான்.

அம்மையாருக்குக் கண்ணில் புரை வளர்ந்தது. பல முறை ஆபரேஷன் நடந்தது. 1934-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்யாமல் போகும் நோயால் இறந்தார். ஆயுள் முழுவதும் ரேடியத்தைக் கையாண்டவர் ஆயிற்றே, ரேடியம்தான் அவரைக் கொன்றது என்று உலகம் பேசிற்று. வெகு காலம் அப்படியே எழுதியும் வந்தார்கள்.

1995-ம் ஆண்டு, பிரான்சின் பெரியோர்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்கு அவர் உடலை மாற்றத் தீர்மானித்தார்கள். கல்லறையைத் தோண்டிச் சவப்பெட்டியை எடுத்தபோது, கதிர்வீச்சு ஆபத்து உண்டா என்று நிபுணர்கள் அளந்து பார்த்தார்கள். ரேடியம் எளிதில் அழியாது. அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் ஆகும். ஆகவே உயிரைக் குடிக்கும் அளவு ரேடியம் அவர் உடலில் புகுந்திருந்தால், அறுபது ஆண்டுகள் கழித்தும் கருவி காட்டியிருக்கும்.

கருவி காட்டியது அவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. அவருடைய நோய்க்குக் காரணம் ரேடியமாக இருக்காது, யுத்தகாலத்தில் சிப்பாய்களுக்குப் படம் எடுத்தபோது உடலில் பட்ட எக்ஸ்ரேயாகத்தான் இருக்கும் என்று நிபுணர்கள் கருதினார்கள்.

தாயாருடன் வண்டியில் போன ஐரீனும் பின்னாளில் கணவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அவர் 1956-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 58.