தி.நகருக்குப் பெயர் தந்த தறிவீட்டுப் பிள்ளை

தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் சேலை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா. கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தால் விமானம் ஏறிச் சென்னை தி.நகர். அங்கிருந்து பை பையாகப் பட்டுச்சேலை தூக்கி வருகிறவர்களில் பலருக்கு அந்த ‘தி’ யாருடைய பெயர் என்பது தெரியாது.

அது தியாகராயர் பெயர். முழுப்பெயர் பிட்டி தியாகராயச் செட்டியார். நீதிக்கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர் என்ற அளவில் அரசியல் படித்தவர்கள் அவரை அறிவார்கள். அவர் பிறந்தது துணி நெய்யும் குலத்தில் என்பதும், உயர்ந்த பதவிகளுக்குப் போன பிறகும் அந்த அடையாளத்தை அவர் மறைக்கவில்லை என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1852 ஏப்ரல் 27-ல் பிறந்தவர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கர் குடும்பம். வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. வெள்ளைக்காரன் சென்னையில் கோட்டை கட்டியதே துணிக்காகத்தான். கப்பலேறும் துணியை வெளுப்பதற்காக அமைந்த பேட்டை வண்ணாரப்பேட்டை. நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. திருவொற்றியூர் அருகே உள்ள காலடிப்பேட்டையும் கவர்னர் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்ததே.

இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கோட்டை கட்டி, கட்டம் போட்ட பருத்தித் துணிகளை மலாய்த் தீவுகளுக்கு அனுப்பி, பதிலுக்கு மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். அந்த ஊர்ப் பெயர் வெள்ளைக்காரன் வாயில் ‘புலிக்கட்’ ஆகி, மலாய்க்காரர்களிடம் ‘பெலிக்காட்’ ஆனது. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மலாய் அண்டை வீட்டார் கட்டிச் செல்லும் காயின் பெலிக்காட்டின் பெயர் அந்தக் கடற்கரையிலிருந்து வந்ததுதான். நம் தாத்தாக்கள் பால்மரம் வெட்டி முடித்துக் குளித்துவிட்டுக் கட்டிய கட்டம் போட்ட கைலிக்கும் அதே உறவு.

சென்னைத் தறிகளில் நெய்த இன்னொரு கட்டம் போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்று பெயர் இருந்தாலும் அது இடுப்பில் சுற்றும் துணி. நைஜீரியாவில் களபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்கிறார்கள். இக்போ மக்கள் ஜார்ஜ் கோட்டையின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்கிறார்கள். களபாரிகளுக்கு அது பிறப்பு முதல் இறப்பு வரை வேண்டிய துணி. சாயத்தின் வாசனையை முகர்ந்தே அசலா போலியா என்று சொல்லிவிடுவார்களாம்.

அந்தச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. நீலம் அவுரிச் செடியிலிருந்து. தியாகராயர் வளர்ந்த காலத்தில்தான் இரண்டுக்கும் ஆபத்து வந்தது. 1869-ல் சாயவேரின் சிவப்பை ஐரோப்பாவில் ரசாயனமாகச் செய்துவிட்டார்கள். 1897-ல் செயற்கை நீலமும் கடைக்கு வந்தது. லங்காஷயர் ஆலைத் துணியோ அதற்கு முன்பே சந்தையை நிறைத்திருந்தது.

1876-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர், அரசு உத்தியோகம் தேடிப் போகவில்லை. தறியின் பக்கம் திரும்பினார். பழைய குழித்தறியில் நெசவாளி நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடா வந்தபோது ஒரு கை மிச்சமானது. துணியை அகலமாகவும் நெய்யலாம், வேகமும் கூடியது. அதைச் சென்னையில் முன்னின்று புகுத்தியவர்களில் தியாகராயர் ஒருவர். வண்ணாரப்பேட்டையில் பிட்டி நெசவாலை என்ற பெயரில் தறிக்கூடம் நடத்தினார். பழைய முறையைத் தொடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்திருந்தால் கைத்தறி அப்போதே படுத்திருக்கும். இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

உடுப்பில் மட்டும் அவர் மாறவில்லை. சிவப்பிலும் நீலத்திலும் பிழைத்த பேட்டையின் பெரிய மனிதர், சாயமே படாத வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகையில்தான் எங்கும் போனார். மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்றார்கள். இங்கிலாந்து இளவரசர் வந்தபோது கூட, அரசாங்க உடுப்புக்குப் பதில் தன் வெள்ளை உடையிலேயே வரவேற்க ஆளுநரிடம் அனுமதி பெற்றதாகச் சொல்லப்படுகிறது. மயிலாப்பூர்க் கோயில் குடமுழுக்குக்கு 10,000 ரூபாய் கொடுத்தும், சாதியைக் காட்டி மேடையில் இடம் மறுக்கப்பட்டார் என்ற கதையும் உண்டு.

1916 நவம்பரில் டி.எம். நாயர், நடேச முதலியார் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அதுவே நீதிக்கட்சி. 1920 தேர்தலில் கட்சி வென்றது. முதலமைச்சராக வரும்படி ஆளுநர் வெலிங்டன் அழைத்தும் தியாகராயர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் பதவி ஏற்றார்.

ஆனால் 1882 முதல் உறுப்பினராக இருந்த சென்னை மாநகராட்சியை அவர் விடவில்லை. அதன் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் திட்டம் வந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பசியோடு வந்த ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் தங்கினார்கள். தோட்டப்பள்ளியில் வயிறு காய்ந்து படித்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

அவர் கட்சிக்குக் கறையும் உண்டு. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் மோதிக்கொண்டு புளியந்தோப்பு எரிந்தபோது, நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை. அந்த மனக்கசப்போடு எம்.சி. ராஜா 1923-ல் கட்சியை விட்டு வெளியேறினார். மேடையில் இடம் கிடைக்காத வலியை அறிந்த தலைவரின் கட்சியில் இது நடந்தது என்பதுதான் வருத்தம்.

1925 ஏப்ரலில் தியாகராயர் காலமானார். அப்போது மாம்பலத்தில் பெரிய ஏரியைத் தூர்த்துப் புதிய குடியிருப்பு எழுந்துகொண்டிருந்தது. அதற்கு அவர் பெயர் வைத்தார்கள். கூடவே கட்சித் தோழர்கள் பெயரில் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை. துணிக்கடைகள் பின்னால்தான் வந்தன. தறிக்காரர் பெயர் கொண்ட இடம் துணிச்சந்தை ஆனது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

இன்று அந்தக் கடைகளில் அடுக்கியிருக்கும் சேலைகளில் விசைத்தறிச் சரக்கும் ஏராளம். கைத்தறிக்கென இந்திய அரசு 2006-ல் ஒரு முத்திரை கொண்டுவந்தது. தியாகராயர் பெயர் சொல்லும் தெருவில் நின்றுகொண்டு, இது கையால் நெய்ததா என்று நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.