வ. உ. சிதம்பரம் பிள்ளையும் இன்னிலையும்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓட்டிய திரு. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் பெயரை அறியாத தமிழர் இலர். அவர் ஏட்டுச் சுவடிகளுக்குச் செய்த தொண்டினை அறிந்தாரோ சிலரே.

அன்னார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்திற் பிறந்தார், வழக்கறிஞராய் விளங்கினார். 1906இல் கப்பற் கழகம் நிறுவினார். 1908இல் இராசநிந்தனைக் குற்றஞ் சாட்டப்பெற்றுச் சிறை புகுந்து, செக்கிழுத்து, 1912இல் விடுதலை பெற்றார். பொருளும் தொழிலும் இழந்த அந்நாளில் அவருக்கு உற்ற துணையாய் நின்றவை தமிழ் நூல்களே.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களைத் தொகுத்துரைக்கும் பழைய வெண்பா ஒன்றுண்டு. அதன்கண் வரும் இன்னிலை, கைந்நிலை என்னும் இரண்டனுள் நூற்பெயர் யாது என்பதில் அறிஞர்க்கு ஐயம் இருந்தது. அந்நிலையில், இன்னிலை என்னும் பெயரோடு, பொய்கையார் இயற்றியதென, நாற்பத்தைந்து வெண்பாக்கள் கொண்ட சுவடியொன்று பிள்ளையவர்கள் கைக்கு வந்தது. அறம், பொருள், இன்பம், வீடு என நான்கும் கூறும் அதனைப் பெரும்பேறெனக் கொண்டு, தாமே உரை வகுத்து 1917இல் அச்சிட்டார்.

பின்னர் 1931இல், மாறோக்கத்து முள்ளிநாட்டுப் புல்லங்காடனார் பாடிய கைந்நிலையை அனந்தராமையர் வெளியிட்டார். ஐந்திணைக்கும் பன்னிரண்டாக அறுபது செய்யுள் கொண்ட அதுவே கீழ்க்கணக்கு நூலென அறிஞர் பலர் கொண்டனர். இன்னிலையோ பிற்காலத்தார் ஒருவர் புனைந்த போலி நூலென்பது அவர்தம் துணிபு.

இதனாற் பிள்ளையவர்களின் பெருமை குன்றுமோ? குன்றாது. பொய் புனைந்தார் ஒருவர். அதனை மெய்யென நம்பி வாழ்வித்தார் மற்றொருவர். முன்னவர் செய்தது வஞ்சம். பின்னவர் செய்தது அன்பு மிகுதியால் நேர்ந்த பிழை. அவரே தொல்காப்பிய எழுத்ததிகார இளம்பூரணத்தை 1928இலும், சிவஞான போத உரையினை 1935இலும் வெளியிட்டு, தமிழும் சைவமும் தழைக்கத் தொண்டாற்றினார். 1936 நவம்பர் 18இல் இறைவன் திருவடி அடைந்தார்.

அன்பர்காள்! தன்னாமுனை முதலிய வாவிக்கரை ஊர்களில் இன்றும் ஓர் ஏடு நம் கைக்கு எட்டக்கூடும். அது யாரிடமிருந்து வந்தது, வேறு பிரதி உண்டா, பழைய உரையாசிரியர் அதனை அறிவரா என்னும் மூன்றனையும் வினவுக. வினவாது ஏற்பின் பொய்ந்நூல் புகும். வினவாது ஒதுக்கின் மெய்ந்நூல் செல்லுக்கு இரையாகும். சிவபெருமானை உண்மையென வழிபடும் நமக்கு இவ்விரண்டும் தகா.